ஒரு லாரி வைக்கோலில் நாலரை மூட்டை பொட்டாஷ்

பிசானப் போக நெல் அறுவடை முடிந்ததும் தென்காசி மாவட்டத்துக் கடையம், ஆழ்வார்குறிச்சி வட்டாரத்து வைக்கோலில் ஒரு பங்கு லாரி ஏறி, செங்கோட்டை, புளியரை வழியாக மலைக்கு அந்தப் பக்கம் போகிறது. கேரளத்தில் கறவை மாடு நிறைய; நெல் வயல் குறைவு. லாரிக்கு எட்டு டன் என்று வைத்துக்கொள்வோம். நெல் வைக்கோலில் பொட்டாஷ் என்னும் சாம்பல்சத்து 1.4 முதல் 2 சதவீதம் வரை உண்டு. நடுவாக 1.7 சதவீதம் எடுத்தால் எட்டு டன்னில் 136 கிலோ. கடையில் விற்கும் பொட்டாஷ் உரத்தில் அந்தச் சத்து 60 சதவீதம். ஆக 227 கிலோ உரம், 50 கிலோ மூட்டையில் நாலரை. வைக்கோலுக்கு விலை பேசும்போது இந்த நாலரை மூட்டையை யாரும் பேசுவதில்லை. கடையத்து மண்ணின் வரவு செலவில் பெரிய ஓட்டை இதுதான் என்பது என் முடிவு. அதை ஏக்கர் கணக்கில் போட்டுப் பார்க்கலாம்.

ஒரு ஏக்கர் நஞ்சை, ஒரு பிசானம். விளைச்சல் 25 குவிண்டால் நெல், அதே எடை வைக்கோல். நல்ல வருடத்தில் கூடும், தண்ணீர் பொய்த்தால் குறையும். கணக்குக்கு இந்த எண் போதும். இந்தப் பயிர் மண்ணிலிருந்து எடுக்கும் சாம்பல்சத்து ஏறத்தாழ 50 கிலோ. நெல்மணிக்குள் போவது அதில் 8 கிலோதான். மீதி 42 கிலோ வைக்கோலில் நிற்கிறது. தழைச்சத்தில் நிலைமை தலைகீழ்: மணியில் 27 கிலோ, வைக்கோலில் 16. மணிச்சத்து மணியில் 11, வைக்கோலில் 6.

நெல் ஆலைக்குப் போகிறது. அரசுக் கணக்கில் நூறு கிலோ நெல்லுக்குப் பச்சரிசி 67 கிலோ, புழுங்கலரிசி 68 கிலோ. நம் ஏக்கருக்கு 1,675 கிலோ அரிசி. உமி ஐந்தில் ஒரு பங்கு, 500 கிலோ. தவிடு தனி. தீட்டிய அரிசியில் சாம்பல்சத்து மிகச் சொற்பம். கணக்கிட்டால் அவ்வளவு அரிசியிலும் இரண்டு கிலோவுக்குச் சற்று மேல் வருகிறது. அதாவது ஒரு ஏக்கர் எடுத்த 50 கிலோவில் சாப்பாட்டுத் தட்டு வரை வருவது 2 கிலோ. மற்ற 48 கிலோவும் வைக்கோல், தவிடு, உமிச் சாம்பல் என்று ஊர்ப்பக்கமே புழங்கும் பொருள்களில் இருக்கிறது. யாருடைய சோற்றையும் குறைக்காமல் வயலுக்குத் திருப்பக்கூடிய சத்து இது. திரும்பாமல் போனால் அதற்குச் சாப்பிடுகிறவர் காரணமாக முடியாது; நடுவில் எங்கோ நழுவுகிறது.

அறுவடை இயந்திரம் அடித்தாளை வயலிலேயே விட்டுவிடும். 2,500 கிலோவில் கட்டி எடுப்பது 1,500 கிலோ என்று வைத்தால் ஆயிரம் கிலோ தாள் வயலில் மடிகிறது. அதிலுள்ள 17 கிலோ சாம்பல்சத்து அங்கேயே தங்கும். அது வரை நல்லது. கட்டிப்போன 1,500 கிலோவோடு 25.5 கிலோ வெளியேறுகிறது. நெல்லோடு 8. ஆக வயலைவிட்டுப் போவது 33.5 கிலோ. தழைச்சத்தில் 37, மணிச்சத்தில் 15.

இனி வரவுப் பக்கம். மத்திய கால ரகங்களுக்குத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொல்லும் பொதுப் பரிந்துரை ஹெக்டேருக்கு 150:50:50. ஏக்கருக்குத் தழைச்சத்து 60, மணிச்சத்து 20, சாம்பல்சத்து 20 கிலோ. அதை ஒரு பிடி குறையாமல் போட்டவருக்கும் தழைச்சத்தில் 23 கிலோ மிச்சம் நிற்கும். அதில் பெரும்பகுதி காற்றிலும் வடிகாலிலும் போய்விடும். மணிச்சத்தில் 5 மிச்சம். சாம்பல்சத்தில் 13.5 கிலோ பற்று. பரிந்துரைப்படி உரம் போட்டு, வைக்கோலையும் விற்றால், ஒவ்வொரு பிசானத்திலும் மண்ணுக்கு இவ்வளவு கடன் ஏறுகிறது. பொட்டாஷைக் குறைத்து யூரியாவைக் கூட்டுபவருக்குக் கடன் இன்னும் அதிகம். அப்படிச் செய்பவர்களே ஊரில் அதிகம், அதற்குக் காரணம் விலையில் இருக்கிறது. யூரியா 45 கிலோ மூட்டை 266 ரூபாய் 50 காசு. கிலோ ஆறு ரூபாய்கூட இல்லை. பொட்டாஷ் மூட்டை 1,600 ரூபாய் என்று வைத்தால் கிலோ 32. இந்தியா தன் பொட்டாஷ் உரத்துக்கு முழுக்க இறக்குமதியையே நம்பியிருக்கிறது. கனடா, ரஷ்யா, பெலாரஸ், ஜோர்டான், இஸ்ரேல் என்று கடல் கடந்து வரும் சரக்கு. ஒரு கண்டத்தின் சுரங்கத்திலிருந்து கப்பலேறி வந்து, கடையத்து வயலில் ஒரு போகம் தங்கி, வைக்கோலாகி மலையேறிப் போகிறது.

இதே பரிந்துரையில் ஹெக்டேருக்கு 12.5 டன் தொழுவுரம் போடவும் சொல்லியிருக்கிறது. உர அட்டவணையை வாசிக்கிறவர்கள் அந்த வரியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். ஏக்கருக்கு 5 டன். தொழுவுரத்தில் தழை 0.5, மணி 0.2, சாம்பல் 0.5 சதவீதம் என்பது பாடப்புத்தகக் கணக்கு. 5 டன்னில் சாம்பல்சத்து 25 கிலோ. நம்முடைய 13.5 கிலோ பற்று அதில் தீர்ந்து, மேலும் 11.5 கிலோ வரவில் நிற்கும். மூட்டை உரத்தின் பரிந்துரையே தொழுவுரம் உண்டு என்ற எண்ணத்தில் போட்டது. தொழுவுரத்தை விட்டுவிட்டு மூட்டையை மட்டும் போட்டால் கணக்கு உதைக்கத்தான் செய்யும்.

5 டன் எங்கிருந்து வரும்? ஒரு மாடு நாளுக்கு 12 கிலோ சாணம் போட்டால் வருடத்துக்கு 4.4 டன். மக்கினால் பாதியாகும். அப்படியானால் ஏக்கருக்கு ஏறத்தாழ இரண்டு மாடு வேண்டும். ஆனால் நாளுக்கு 6 கிலோ வைக்கோல் வீதம், கட்டி எடுத்த 1,500 கிலோ ஒரு மாட்டுக்கு 250 நாள்தான் காணும். ஏக்கர் வளர்க்கக்கூடியது ஒரு மாட்டுக்கும் குறைவு, அது கேட்பது இரண்டு மாட்டின் எரு. 2019 கால்நடைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் மாடுகள் 95.19 லட்சம். பயிரிடும் நிலம் ஏறத்தாழ 46 லட்சம் ஹெக்டேர், ஏக்கரில் ஒரு கோடியே 14 லட்சம். ஏக்கருக்கு ஒரு மாடுகூடத் தேறாது. அதனால் இருக்கிற மாட்டிடமிருந்து வருவதில் ஒரு சொட்டும் வீணாகக்கூடாது. வீணாவது எங்கே என்று தேடினால் தொழுவத்துத் தரையில் வந்து நிற்கிறோம்.

மாடு தின்னும் சாம்பல்சத்தில் பாலோடு போவது கொஞ்சம். வருடம் முழுக்க நாளுக்கு 6 கிலோ வைக்கோல் தின்னும் மாட்டுக்கு அதிலிருந்து மட்டும் 37 கிலோ சாம்பல்சத்து உள்ளே போகிறது. 2,400 லிட்டர் பால் கறந்தால் அதில் வெளியேறுவது 4 கிலோவுக்குச் சற்று மேல். மற்றதெல்லாம் சாணத்திலும் கோமியத்திலும் வருகிறது, அதில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் கோமியத்தில். சாணத்தை அள்ளிக் குப்பைக்குழியில் போடுகிறோம். கோமியம் தரைச் சரிவில் ஓடித் தெருச் சாக்கடையில் கலக்கிறது. அப்படிப் போவது மாட்டுக்கு வருடத்துக்கு 22 கிலோ சாம்பல்சத்து: பொட்டாஷ் உரத்தில் 37 கிலோ, பணத்தில் 1,180 ரூபாய். கோமியத்திலுள்ள தழைச்சத்து இதில் சேரவில்லை. வைக்கோலை விற்காமல் தன் மாட்டுக்கே போட்டேன் என்று நிம்மதியாக இருப்பவர் வீட்டிலும் சங்கிலி இந்த இடத்தில்தான் அறுகிறது.

அடைக்கிற செலவு பெரிதல்ல. தரையில் ஒரு சாய்வு, ஓரத்தில் சிமெண்ட் ஓடை, கடைசியில் ஒரு தொட்டி. அதற்கும் வழியில்லாதவர் மாட்டின் பின்காலடியில் காய்ந்த மண்ணையோ வைக்கோல் கூளத்தையோ பரப்பி, ஊறியதும் அள்ளிக் குப்பையில் போடலாம். நம் தாத்தா காலத்து வேலைதான். சிமெண்ட் தரை வந்தபின் கழுவிவிடுவது சுலபமாகிவிட்டது, அள்ளுவது நின்றது. ஆவின் பசும்பாலுக்கு 2023 டிசம்பரிலிருந்து ஊக்கத்தொகை சேர்த்து லிட்டர் 38 ரூபாய் தருகிறது. அந்த 1,180 ரூபாய் 31 லிட்டர் பாலுக்குச் சமம். பாலில் 31 லிட்டர் கொட்டினால் வீடே துடிக்கும்.

சாண எரிவாயுவைப் பற்றி ஒரு வார்த்தை. கிலோ சாணத்துக்கு 40 லிட்டர் வாயு. இரண்டு மாட்டின் 24 கிலோவில் நாளுக்கு ஏறத்தாழ ஒரு கன மீட்டர், மாதத்துக்கு 30. ஒரு கன மீட்டர் 0.43 கிலோ சமையல் எரிவாயுவுக்கு ஈடு. மாதம் 13 கிலோ. 14.2 கிலோ சிலிண்டர் 2025 ஏப்ரல் உயர்வுக்குப் பின் சென்னையில் 868 ரூபாய் 50 காசு. ஆக மாதம் 790 ரூபாய் மிச்சம். வாயுவாகப் போவது கரியும் நீரகமும் உயிரகமும்தான். தழை, மணி, சாம்பல் மூன்றும் கலனிலிருந்து வழியும் கரைசலில் தங்கிவிடும். வறட்டி தட்டி எரித்தால் தழைச்சத்து புகையோடு போகும், சாம்பல்சத்து அடுப்புச் சாம்பலில் நிற்கும். அந்தச் சாம்பலாவது வயலுக்குப் போகட்டும்.

இயற்கை வேளாண்மை செய்யும் நண்பர்கள் ஒரு கணக்கைப் பொறுமையாகப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். ஏக்கருக்கு 200 லிட்டர் ஜீவாமிர்தம் தயாரிக்கச் சேர்ப்பது 10 கிலோ சாணம், 10 லிட்டர் கோமியம், 2 கிலோ வெல்லம், 2 கிலோ பயறு மாவு, ஒரு கைப்பிடி மண். இத்தனையிலும் தழைச்சத்து கால் கிலோவைத் தாண்டாது. நெல்மணியில் மட்டும் வெளியேறுவது 27 கிலோ. நுண்ணுயிர் பெருகும், மண் இளகும், வேர் நன்றாக ஓடும் என்பதையெல்லாம் நான் மறுக்கவில்லை. தழைச்சத்தைக் காற்றிலிருந்து பிடிக்கும் உயிர்களும் உண்டு. சாம்பல்சத்து காற்றில் இல்லை. மண்ணுக்குள் பூட்டிக் கிடப்பதை நுண்ணுயிர் திறந்துவிடலாம்; திறந்து எடுப்பதும் இருப்பிலிருந்து எடுப்பதுதான். இயற்கை வேளாண் முன்னோடி நம்மாழ்வார் ஐயா ஊர் ஊராகச் சொன்னதில் என் மனத்தில் ஆழப் பதிந்தது, நிலத்தில் விளைந்ததில் நாம் தின்னாதது நிலத்துக்கே திரும்ப வேண்டும் என்பது. அதைச் செய்யாமல் கரைசலை மட்டும் தெளித்தால் பற்று தீராது.

தழைச்சத்துக்கு வழி எளிது. பிசானம் அறுத்து, அடுத்த போகமான கார் நடும்வரை கிடைக்கும் கோடையில், ஈரம் இருந்தால் தக்கைப்பூண்டு. ஏக்கருக்கு 20 கிலோ விதை, 45 நாளில் பூக்கும்போது மடக்கி உழுதால் 32 முதல் 40 கிலோ தழைச்சத்து. யூரியாவில் ஒன்றரை மூட்டைக்கு மேல். ஈரமில்லாத வயலுக்குக் கொழிஞ்சி. 2024–25 வேளாண் நிதிநிலை அறிக்கையில் வந்த 'மண்ணுயிர் காத்து மன்னுயிர் காப்போம்' திட்டத்துக்கு ஒதுக்கியது 206 கோடி. அதில் 2 லட்சம் ஏக்கருக்குப் பசுந்தாள் விதை தர 20 கோடி. ஏக்கருக்கு ஆயிரம் ரூபாய். நல்ல செலவு. கோமியத் தொட்டிக்கும் இப்படி ஒரு ஆயிரம் ஒதுக்கினால், மேலே போட்ட கணக்கில் ஒரே வருடத்தில் திரும்பி வந்துவிடும்.

கிடை போடுவது இன்னும் அழியாத வழக்கம். கோடையில் கீதாரிகள் மந்தையோடு வந்து வயலில் பட்டி அடைப்பார்கள். ஆட்டுப் புழுக்கை காய்ந்த எடையில் தழை 3, மணி 1, சாம்பல் 2 சதவீதம். ஓர் ஆடு இரவில் 150 கிராம் காய்ந்த எடைக்குப் புழுக்கை போடும் என்று குறைத்துக் கணக்கிட்டாலும் 500 ஆட்டுக்கு இரவுக்கு 75 கிலோ; சாம்பல்சத்து ஒன்றரை கிலோ. மூத்திரத்தில் இன்னொரு ஒன்றரை கிலோவாவது இறங்கும். நாலு இரவில் 12 கிலோ. நம்முடைய பற்று 13.5. ஆடு பகலில் மேய்ந்தது மேட்டு நிலத்திலும் புறம்போக்கிலும். இரவில் இறக்குவது நஞ்சையில். சுமைகூலி இல்லாமல் சத்து மேட்டிலிருந்து பள்ளத்துக்கு வருகிறது. மேய்ச்சல் நிலம் வேலிக்குள் போகப் போக இந்த வரவு சுருங்குகிறது. கிடைக்கூலி அதிகம் என்று பேரம் பேசுகிறவர்கள் இந்த 12 கிலோவையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

மேலேயிருந்து இறங்கும் இன்னொரு சத்து குளத்து வண்டல். விவசாயிகள் கட்டணமின்றி வண்டல் அள்ள வட்டாட்சியர் அளவிலேயே அனுமதி பெறும்படி 2024-இல் விதி எளிதாயிற்று. நஞ்சைக்கு ஏக்கருக்கு 75 கன மீட்டர், புஞ்சைக்கு 90. 75 கன மீட்டரை ஏக்கர் முழுக்க நிரவினால் கனம் இரண்டு சென்டிமீட்டருக்கும் குறைவு, எடை நூறு டன்னுக்குக் கிட்ட. களிமண் சேர்ந்த வண்டல் சாம்பல்சத்தைப் பிடித்து வைக்கும். எவ்வளவு என்பது குளத்துக்குக் குளம் மாறும், மண் பரிசோதனைக்குக் கொடுத்துப் பார்த்தபின் அள்ளுவது நல்லது.

குளம் இங்கே சத்துக்கு மட்டுமல்ல, தண்ணீருக்கும் உயிர்நாடி. அணை கட்டிய பிறகு குளம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு இந்தக் கணக்கு. கடையத்துக்கு மேற்கே ராமநதி அணை: உயரம் 84 அடி, கொள்ளளவு 152 மில்லியன் கன அடி, பாசனம் ஏறத்தாழ 4,940 ஏக்கர். நிறைந்த அணையை இந்த நிலத்துக்குப் பங்கிட்டால் ஏக்கருக்கு எட்டரை அங்குல உயரத் தண்ணீர், 215 மில்லிமீட்டர். சிவசைலம் பக்கத்துக் கடனா அணை 85 அடி, 352 மில்லியன் கன அடி, ஏறத்தாழ 9,920 ஏக்கர். பங்கு பத்து அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. ஒரு போக நெல்லுக்கு வேண்டியது 1,200 மில்லிமீட்டர் அளவில். அதாவது ராமநதி அணை ஒரு போகத்துக்குள் ஐந்தாறு தடவை நிறைந்து வடிய வேண்டும், அல்லது மழையும் குளமும் ஈடுகட்ட வேண்டும். காய்ச்சலும் பாய்ச்சலுமாகத் தண்ணீர் கட்டினால் தேவையில் ஐந்தில் ஒரு பங்கு குறையும். அந்த 240 மில்லிமீட்டர் ராமநதி அணையின் ஒரு முழுப் பங்கைவிட அதிகம். புதிய அணை கட்டாமல் கிடைக்கும் அணை அது. தண்ணீரும் வெறுங்கையோடு வருவதில்லை. லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் சாம்பல்சத்து கரைந்திருந்தாலும் ஏக்கருக்குப் பாயும் 48 லட்சம் லிட்டரில் அது 4.8 கிலோ. அதைப் பற்றில் கழித்தாலும் 8.7 கிலோ நிற்கிறது.

பணக் கணக்குக்கு வருவோம். 2025–26-க்கு மத்திய அரசு சாகுபடிச் செலவாக எடுத்தது குவிண்டாலுக்கு 1,579 ரூபாய். சன்ன ரகத்துக்கு ஆதார விலை 2,389, மாநில ஊக்கத்தொகை 156, சேர்த்து 2,545. நம் ஏக்கரின் 25 குவிண்டாலுக்கு 63,625 ரூபாய். அந்த 1,579-இல் விதை, உரம், கூலி, எரிபொருள், குடும்ப உழைப்பு எல்லாம் உண்டு. மண் இழந்ததற்கு ஒரு பைசா இல்லை. 13.5 கிலோ பற்றைப் பொட்டாஷ் உரமாக்கினால் 22.5 கிலோ, 720 ரூபாய். குவிண்டாலுக்கு 29 ரூபாய். ஆதார விலையைத் தீர்மானிக்கிறவர்கள் இந்த 29-ஐயும் செலவில் எழுத வேண்டும். எழுதும் வரை அந்தப் பணம் கடையத்து விவசாயியின் நிலத்திலிருந்துதான் போய்க்கொண்டிருக்கும்.

புளியரை வழியை மறுபடி பார்ப்போம். செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தைச் சேர்ந்திருந்த ஊர். கொடுக்கல் வாங்கல் பழையது. பாவூர்சத்திரம் சந்தைக் காய்கறியும் வைக்கோலும் மேற்கே போகின்றன. கிழக்கே வந்ததில் நாம் மறக்காதது ஒன்று: 2024 டிசம்பரில் நெல்லை மாவட்டத்துக் கோடகநல்லூர், பழவூர்ப் பகுதிகளில் கேரளத்து மருத்துவமனைக் கழிவைக் கொட்டிப் போனார்கள். தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு மூன்று நாளில் அகற்றச் சொன்னபின், 22-ஆம் தேதி கேரள அதிகாரிகளே லாரியோடு வந்து அள்ளிப் போனார்கள். கழிவுக்கு எல்லை தாண்டிப் பொறுப்பு உண்டு என்று ஒரு தீர்ப்பாயம் சொன்னது பெரிய விஷயம். வைக்கோலோடு போகும் சத்துக்கும் அந்தப் பொறுப்பு வேண்டும்.

சாணமாகவே திருப்பி வாங்கலாமா என்றால் கட்டுப்படியாகாது. ஒரு லாரி வைக்கோலின் 136 கிலோ சாம்பல்சத்தை 0.5 சதவீதத் தொழுவுரமாகக் கொண்டுவர 27 டன் ஏற்ற வேண்டும், அதே லாரியில் மூன்று நடைக்கு மேல். வாடகையே விழுங்கிவிடும். ஆகவே விலையில்தான் வாங்க வேண்டும். ஒரு டன் வைக்கோலில் 17 கிலோ சாம்பல், 6.5 தழை, 2.3 மணி. கடை விலையில் பொட்டாஷுக்கு 907, டிஏபிக்கு 135, யூரியாவுக்கு 72. மொத்தம் 1,114 ரூபாய். கிலோவுக்கு ஒரு ரூபாய் பத்து காசு. வைக்கோல் கிலோ மூன்று ரூபாய்க்குப் போனால் அதில் ஒரு ரூபாய் பத்து காசு லாபமல்ல, மண்ணின் முதல். வயலடியில் விலை பேசும்போது இந்தக் காசை முதலில் எடுத்து வைத்துவிட்டு மீதியைப் பேச வேண்டும்.

ஏக்கருக்கு 1,500 கிலோ விற்றவர் எடுத்து வைப்பது 1,650 ரூபாய். அதில் ஒரு மூட்டை பொட்டாஷ் வரும்: 30 கிலோ சாம்பல்சத்து, போன 25.5 கிலோவுக்கு ஈடாகி நாலரை கிலோ மிச்சம். கார் நடவில் அடியுரமாகக் கால் மூட்டை, தூர் கட்டும்போது கால், கதிர் உருவாகும்போது கால், கதிர் வெளிவரும்போது கால். தன் மாட்டுக்கே வைக்கோலைப் போட்டு, கோமியத்தைத் தொட்டியில் பிடித்து வயலுக்குக் கொண்டுபோகிறவர் அந்த மூட்டையில் பெரும்பங்கை வாங்க வேண்டியதில்லை.